காத்து நின்ற இளைஞனும் காணத் தவறிய பொலிசாரும்

1993 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22 ஆந் திகதி, வியாழக்கிழமை இரவு. லண்டன் மாநகரின் தென்கிழக்கே எல்தம் என்றொரு புறநகர்ப் பகுதி. அங்கே வெல் ஹோல் வீதி என்னும் பெருந்தெருவில் இரண்டு இளைஞர்கள் வீடு திரும்புவதற்காக பஸ்ஸை எதிர்பார்த்து நின்றார்கள். மணி பத்தரையை நெருங்கிவிட்டது. நேரத்தோடு வீடு போய்ச் சேரவேண்டுமே என்ற கவலையில் ஒருவன் பஸ் வருகின்றதா என்று பார்ப்பதற்காகச் சந்தி வரையில் நடந்து சென்றான். சற்றுத் தொலைவில் நின்ற மற்றவன், பஸ் கண்ணுக்குத் தென்படுகின்றதா என்று கூவிக் கேட்டான்.

அவ்வேளையில் வீதியின் மறுபுறத்தில் ஐந்தாறு வெள்ளை இளைஞர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், கறுப்பு நிறத்தவரை இழிவுசெய்யும் வசைச்சொல் ஒன்றை உரத்துக் கத்தினான். அடுத்த கணம் அக்கூட்டம் வீதியைக் கடந்து பாய்ந்தது. நண்பன் "ஓடு, ஓடு" என்று அலறியபடி ஓடினான். சந்தியருகே நின்றவனோ கூட்டத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டான். எல்லாம் பதினைந்து, இருபது வினாடிகளில் முடிந்துவிட்டது. வந்தவர்கள் பக்கத்துத் தெருவில் ஓடி மறைந்தார்கள்.

கத்திக் குத்துக்கு இலக்கானவன் பெயர் ஸ்டீபன் லோரன்ஸ். வயது பதினெட்டு. பெற்றோர் ஜமெய்க்காத் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள்; தந்தையார் நெவில் தச்சு வேலை முதலிய கைத்தொழில்களில் வல்லவர், தாயார் டொரீன். மூன்று பிள்ளைகளில் மூத்தவனாகிய ஸ்டீபன் கட்டடக் கலைஞனாக வரவேண்டும் என்ற ஆசையோடு படித்துக்கொண்டிருந்தான். ஓட்டப் பந்தயத்தில் விருப்பமுள்ளவன். மெய்வல்லுநர் கழகம் ஒன்றில் சேர்ந்து ஓடியவன். உடலின் இரு பக்கங்களிலும் ஐந்தங்குல ஆழத்துக்குக் குத்து விழுந்து, பெரிய இரத்தக் குழாய்கள் அறுபட்ட பின்னரும் அவன் எழுந்து 130 யார் தூரம் ஓடினான் என்றும், அவ்வளவு தூரம் ஓட முடிந்தமைக்கு அவனுடைய தேகவலிமையே சான்று என்றும் பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் பின்னர் கூறினார். நடைபாதையில் விழுந்தவன் மீண்டும் எழவில்லை.

இவனை முன்பின் அறியாதவர்கள் கொன்றார்கள். களவெடுக்க அன்று, பழைய பகை தீர்க்கவும் அன்று. அவனுடைய நிறத்தைக் கண்டார்கள், கொன்றார்கள். துவேஷக் குற்றம் என்று இக்காலச் சட்ட நூல்கள் சொல்லுவது இதைத்தான். தனக்குத் தீங்கு செய்தவனை ஒருவன் வெறுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே அடிபட்டவன் ஒருவனாயினும் அடி அவனைச் சேர்ந்த எல்லோர்மீதும் விழுகின்றது. மறுநாட் காலையில் அப்பகுதியிலிருந்த ஒவ்வொரு கறுப்பினத் தாயும் தன் மகனை பஸ்ஸுக்கு அனுப்ப அஞ்சியிருப்பாள் அல்லவா? அதற்குமுன் ஓராண்டுகூட நிறையாத காலத்தில், அதே எல்தம் பகுதியில் ஆசிய இளைஞன் ஒருவனும் குத்துண்டு இறந்திருந்தான். 1991 ஆம் ஆண்டின் இறுதியில், கிழக்கு லண்டன் தெருவில் இனவெறியர் தாக்கியதால் ஈழத்திலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற நம்மவர் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே இது எங்கோ தொலைதூரத்தில் யாருக்கோ நிகழ்ந்த கதை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

ஆயினும் இன்று நான் எழுத முற்பட்டது கொலையாளிகளைப் பற்றி அன்று. அவர்களுடைய உள்ளத்தில் இருந்தது துவேஷம். துவேஷம் தன்னைத் தான் அறியும், வாய்திறந்து கத்தும், கத்தியை உருவும். அதனைக் கண்டுகொள்ள அறிஞர் குழு தேவையில்லை. அன்றிரவு அங்கே வந்துசேர்ந்த பொலிசாருடைய உள்ளத்தில் இருந்தது வேறொன்று. அதற்குப் பெயர் தப்பபிப்பிராயம். அது தன்னைத் தான் அறியாது. அதை உடையவரும் தாம் அதை உடையவர் என்று அறியமாட்டார். கேட்டால் சத்தியஞ் செய்து மறுப்பார். மறுப்பதில் பொய்யும் இராது. ஸ்டீபனுடைய கொலையைப் பதினைந்து வினாடியில் துவேஷம் செய்தது. அதற்கு நீதி கிடைப்பதைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தடுத்து நின்றதில் பெரும்பங்கு இந்தத் தப்பபிப்பிராயத்துக்கே உரியது என்பதை அவ்வழக்கின் வரலாறு காட்டுகின்றது.

பொலிஸ் உத்தியோகத்தருடைய வேலையை எண்ணிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஓரிடத்துக்கு அவர் இருளில் வந்து இறங்குகிறார். ஒருவன் கிடக்கின்றான், ஒருவன் கூச்சலிடுகின்றான், சிலர் வேடிக்கை பார்க்கின்றார்கள். அடிபட்டவன் யார், அடித்தவன் யார், சாட்சி யார் என்பதை ஒரு நிமிடத்துக்குள் அவர் ஊகித்தாக வேண்டும். ஊகமில்லாமற் பொலிஸ் வேலை நடவாது. அவ்வூகத்தை அவர் எங்கிருந்து எடுக்கிறார்? சொந்த அனுபவத்திலிருந்து எடுக்கிறார். பழைய சார்ஜன்ட் சொன்ன கதைகளிலிருந்தும், நிலையத்தில் தேநீர் குடிக்கும்போது நடக்கும் பேச்சிலிருந்தும் எடுக்கிறார். கறுப்பு இளைஞர்களை வீதியில் மறித்துச் சோதனையிடும்போது மட்டுமே சந்தித்துப் பழகிய ஒருவருக்கு, நள்ளிரவை அண்மிய வேளையில் இரத்தத்தில் கிடக்கும் கறுப்பு இளைஞன் எப்படித் தோன்றுவான்?

அன்றிரவு அதுவே நேர்ந்தது. இது இளைஞர்களுக்குள் நடந்த சண்டை என்று அங்கு வந்த இன்ஸ்பெக்டர் எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்டினார். விசாரிப்பதற்கு அருகிலிருந்த மதுச்சாலையை நாடினார். ஸ்டீபனுடைய நண்பன் டுவெயின் புரூக்ஸ், கொலையை நேரிற் கண்ட சாட்சி. தானும் தாக்குதலுக்குத் தப்பி ஓடியவன். ஓடியும் நண்பனை விட்டுவிடாது தொலைபேசிக் கூண்டிலிருந்து அம்புலன்ஸ் வண்டியை அழைத்தவன். அம்புலன்ஸ் வருமுன் பொலிசார் வந்ததைக் கண்டு அவன் ஆத்திரமடைந்தான், அலறினான், வாய்க்கு வந்தபடி ஏசவும் செய்தான். உற்ற நண்பன் கண்முன்னே இறந்துகொண்டிருக்கும்போது பதினெட்டு வயதுப் பிள்ளை வேறெப்படி நடந்துகொள்வான்? பொலிசாரோ அவனில் ஒரு சாட்சியைக் காணவில்லை, பாதிக்கப்பட்டவனையும் காணவில்லை. அடங்காத முரட்டுக் கறுப்பு இளைஞன் ஒருவனையே கண்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள், எப்படித் தோற்றமளித்தார்கள் என்று அவனிடம் பொறுமையோடு கேட்டுத் தெரிந்து, தெருத்தெருவாய்த் தேடியிருக்கவேண்டிய பொன்னான நேரம் வீணாயிற்று.

கீழே கிடந்த பிள்ளைக்கு ஆறுதலாக இருந்தவர்கள் தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைத் தம்பதியினர். அந்த அம்மையார் அவன் தலையில் கைவைத்து, நீ நேசிக்கப்படுகிறாய் என்று அவன் காதருகே சொன்னார். கேட்கும் நிலையில் அவன் இருந்தானோ, என்னவோ. வந்த பொலிசார் உயிர் இருக்கின்றதா என்று பார்த்ததற்கு மேலாக முதலுதவி எதுவும் செய்யவில்லை. எந்த உதவியாலும் அவனைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பது வைத்தியரின் கருத்து. ஆனால், கறுப்பனின் இரத்தம் தங்கள் கையிற் படுவதை அவர்கள் விரும்பவில்லைப் போலும் என்று தாயார் பின்னாளில் விசாரணையிற் சொன்ன சொல்லுக்கு வைத்தியரின் கருத்து மறுமொழியாகுமா?

குற்றவாளிகளைப் பற்றிய செய்தி கிடைக்காமற் போனதா என்றால், அதுவும் இல்லை. ஒரு நாள் கழிவதற்குள் ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கே வந்து சந்தேக நபர்களின் பெயர்களைக் கூறினார். பெயர்கள் எழுதிய கடிதமொன்று தொலைபேசிக் கூண்டில் கிடந்தது. இன்னொன்று பொலிஸ் வண்டியின் கண்ணாடியிற் செருகப்பட்டிருந்தது. ஊரே பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் இரண்டு வாரங்களாக ஒருவரும் கைது செய்யப்படவில்லை. சந்தேக நபரின் வீட்டை மறைவிலிருந்து கண்காணித்த புகைப்படக்காரர், குப்பை போடும் பையில் உடுப்புகள்போல் எதையோ ஒருவன் எடுத்துச் செல்வதைக் கண்டார். செய்தி அனுப்ப அவரிடம் தொலைபேசி இல்லை; அவன் போய்விட்டான். கைது செய்வதற்கு நியாயமான சந்தேகமே போதும் என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் அரிச்சுவடி. விசாரணைக்குப் பொறுப்பாயிருந்த உயர் உத்தியோகத்தர் ஒருவர் அதனைச் சரியாக அறிந்திருக்கவில்லை என்பது ஐந்து ஆண்டுகளின் பின் வெளியாயிற்று. தாயார் தமக்குக் கிடைத்த பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் ஓர் உயரதிகாரியிடம் கொடுத்தபோது, அவர் அத்தாளைச் சிறிது சிறிதாக மடித்துக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாகச் சாட்சியமளித்தார். மே மாதம் 6 ஆந் திகதி, லண்டனுக்கு வந்திருந்த நெல்சன் மண்டேலா அப்பெற்றோரைச் சந்தித்து ஆறுதல் கூறினார். முதலாவது கைதுகள் மறுநாள் நடைபெற்றன.

இவற்றுள் எவ்வளவு திறமையின்மை, எவ்வளவு தப்பபிப்பிராயம் என்று பிரித்துக் காண்பது எளிதன்று. வெள்ளை இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டிருந்தாலும் சில தவறுகள் நேர்ந்திருக்கலாம். ஆனால் இந்தக் குடும்பத்தை நடத்திய விதத்தில் ஐயத்துக்கு இடமில்லை. குடும்பத்தினரோடு தொடர்புகொள்ள அனுப்பப்பட்ட உத்தியோகத்தர்களுக்கு முதலாவது இடைஞ்சலாகத் தோன்றியது என்ன தெரியுமா? வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்பதே. வந்திருப்பவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன, எதற்காக வந்தார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். செத்த வீட்டில் உற்றார் உறவினரும் ஊராரும் கூடியிருப்பது நமக்கு வியப்பைத் தராது, கூடாவிட்டால்தான் வியப்பு. ஜமெய்க்கா மக்களிடத்தும் அவ்வழக்கமே. கதவைச் சாத்திக்கொண்டு துக்கத்தைத் தனிமையில் அடக்கும் ஆங்கிலப் பழக்கம் ஒன்றையே அறிந்த உத்தியோகத்தருக்கு, துக்கங் கொண்டாட வந்தவர்கள் சந்தேகத்துக்குரிய கூட்டமாகத் தெரிந்தார்கள். விபரம் அறிவதற்காகக் குடும்பத்தின் சட்டத்தரணி எழுதிய கடிதங்களும் தொல்லையாகவே கருதப்பட்டன. பெற்றோர் கேள்வி கேட்பதும் குற்றமாயிற்று.

பல்வேறு பண்பாடுகளைப் பொலிசார் கற்கவேண்டும் என்று இக்காலத்திற் சொல்லப்படும்போது, அதை ஏதோ விழாக்காலத்தில் மேடையில் நடனம் பார்ப்பது போன்ற பொழுதுபோக்கென்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஒரு வீட்டில் எப்படி அழுவார்கள் என்று தெரியாதவனுக்கு அவ்வீட்டிலிருந்து சாட்சியம் எடுக்கத் தெரியாது.

துன்பத்தின்மேல் துன்பமாக, டுவெயின் புரூக்ஸ் மீதே வழக்குத் தொடரப்பட்டது. ஸ்டீபன் இறந்து இரண்டு வாரங்களின் பின் வெலிங் என்னுமிடத்தில் நடைபெற்ற இனவாத எதிர்ப்பு ஊர்வலத்திற் குழப்பம் விளைவித்தான் என்பது குற்றச்சாட்டு. ஒரு கொலை வழக்கின் முதற் சாட்சியை இவ்வாறு குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறைகேடு என்று 1994 ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிபதி அவ்வழக்கை நிறுத்திவைத்தார்.

கொலை வழக்கோ அதற்குமுன்பே குலைந்துவிட்டது. 1993 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், சான்று போதாதென்று அரச தரப்பு குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. பொலிஸ் மேலிடம் தன் உத்தியோகத்தர் ஒருவரைக்கொண்டே விசாரணையை மீளாய்வு செய்வித்தது. எல்லாம் திருப்திகரம் என்று அவர் எழுதிவைத்தார். பெற்றோர் தாமே தனியார் வழக்குத் தொடுத்தனர். 1996 ஆம் ஆண்டு ஏப்ரலில், புரூக்ஸ் சந்தேக நபர்களை அடையாளங் காட்டியமை நம்பத்தக்கதன்று என்று நீதிபதி தீர்மானித்தார். எதிரிகள் மூவர் விடுதலையாயினர். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விளங்குதல் ஆகாது என்பது எண்ணூறு ஆண்டுப் பழைமை வாய்ந்த ஆங்கிலச் சட்ட மரபு. ஆகவே கதவு அடைபட்டுவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர்.

1997 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மரண விசாரணையின் ஜூரிமார், இது எவ்விதத் தூண்டுதலுமின்றி வெள்ளை இளைஞர் ஐவர் செய்த இனவாதத் தாக்குதல் என்று ஐயந்திரிபறக் கூறினர். அதே ஆண்டு யூலையில் புதிய உள்நாட்டு அமைச்சர் ஜக் ஸ்ட்ரோ பகிரங்க விசாரணை ஒன்றுக்கு ஆணையிட்டார். இளைப்பாறிய மேல் நீதிமன்ற நீதியரசர் சேர் வில்லியம் மக்பேர்சன் அதன் தலைவர். பேராயர் ஜோன் செண்டாமு, வைத்தியர் ரிச்சர்ட் ஸ்டோன், இளைப்பாறிய பொலிஸ் அதிகாரி ஒருவர் ஆகிய மூவரும் அவருக்குத் துணை. மக்பேர்சன் பழைய இராணுவ வீரர். ஸ்கொத்லாந்தின் பழங்குடி மரபொன்றின் தலைவர். இத்தகைய பழைமைவாதி தங்களுக்கு எங்கே நீதி வழங்கப்போகிறார் என்று அக்குடும்பத்தின் ஆதரவாளர்கள் ஆரம்பத்தில் ஐயுற்றனர். தப்பபிப்பிராயம் எல்லாப் பக்கத்திலும் இருக்கக்கூடியதுதானே!

1999 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆந் திகதி வெளிவந்த அவருடைய அறிக்கை இங்கிலாந்தையே உலுக்கியது. தொழில் திறமையின்மை, மேலதிகாரிகளின் தலைமைத் தவறு, ஸ்தாபனத்தில் ஊறிய இனவாதம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இவ்விசாரணையைக் கெடுத்தன என்பது அதன் முடிவு. முதலிரண்டையும் பொலிசார் ஒருவாறு ஏற்றுக்கொண்டனர். மூன்றாவது சொல்தான் அவர்களுக்கு நஞ்சாயிற்று. நாங்கள் எல்லோரும் இனவெறியர்களா என்று கொதித்தார்கள். இரவு பகலாக உழைக்கும் நல்ல உத்தியோகத்தருக்கு அச்சொல் சுடத்தான் செய்யும். அவர்களுடைய மனவருத்தத்தை நான் எள்ளமாட்டேன். ஆனால் அறிக்கை சொன்னது அதுவன்று.

ஓர் ஸ்தாபனம், மக்களின் நிறம், பண்பாடு, இனம் என்பன காரணமாக அவர்களுக்கு உரிய சேவையைச் செய்யத் தவறுமாயின், அத்தவறு அதன் நடைமுறைகளிலும் மனப்பான்மையிலும் பழக்கவழக்கங்களிலும் காணப்படுமாயின், அதுவே ஸ்தாபனத்தில் ஊறிய இனவாதம் என்று மக்பேர்சன் விளக்கினார். அறியாமலே கொண்ட தப்பபிப்பிராயம், அறியாமை, சிந்தனையின்மை, ஒருவனைக் கண்டவுடன் அவன் இன்ன வகையினன் என்று முத்திரை குத்தும் பழக்கம் ஆகியவை அதனுள் அடங்கும். தனித்தனி மனிதர் ஒவ்வொருவரும் நல்லவராயிருந்தும் ஸ்தாபனம் தீமை செய்யக்கூடும் என்பது இதன் பொருள். சாட்சியமளித்த உத்தியோகத்தர் சிலர், கறுப்பினத்தவரைக் குறிப்பதற்குப் பழைய காலத்துச் சொல்லொன்றைத் திரும்பத் திரும்ப வழங்கினர். அச்சொல் அம்மக்களைப் புண்படுத்தும் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. புண்படுத்தும் எண்ணமும் அவர்களுக்கு இல்லை. இத்தனை ஆண்டுகள் அம்மக்களிடையே கடமையாற்றியும் ஒருவராவது அதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்பதுதான் கவனிக்கவேண்டியது.

இன்னொரு வாதத்தையும் அறிக்கை ஏற்க மறுத்தது. "நாங்கள் நிறம் பார்ப்பதில்லை; எல்லோரையும் ஒன்றுபோலவே நடத்துகிறோம்" என்பது அந்த வாதம். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கின்றது! ஆனால் நிறத்துக்காகவே ஒருவன் கொல்லப்பட்டிருக்கும்போது, நிறத்தைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லும் துப்பறிவாளன் கொலையின் காரணத்தையே பார்க்க மறுக்கிறான். இந்த வழக்கிற் கடமையாற்றிய சிலர், கொலையாளி கத்திய வசைச்சொல்லைப் புரூக்ஸ் வாயிலாக அறிந்திருந்தும், இது முற்றிலும் இனவாதக் கொலைதான் என்று ஒப்புக்கொள்ளக் கடைசிவரையில் மறுத்தனர். காரணம் தெரியாதவனுக்குத் தேடவேண்டிய இடமும் தெரியாது. வைத்தியர் நோயாளியின் வயதைப் பாராமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் அதைச் சமநீதி என்போமா?

அறிக்கை 70 விதப்புரைகளைச் செய்தது. முதலுதவிப் பயிற்சி, குடும்பத் தொடர்பு உத்தியோகத்தருக்குச் சிறப்புப் பயிற்சி எனப் பலவும் அதில் உண்டு. மிகுந்த வாதத்துக்குள்ளானது ஒரு சிறிய வாக்கியம். பாதிக்கப்பட்டவரோ வேறெவருமோ ஒரு சம்பவத்தை இனவாதச் சம்பவமென்று கருதினால், அதனை இனவாதச் சம்பவமாகவே கொள்ளவேண்டும் என்பது அது. அப்படியானால் யாரும் யாரையும் குற்றஞ்சாட்டலாமே என்று வாசகர் கேட்கலாம். இது தீர்ப்பன்று, பதிவேட்டில் முறைப்பாட்டை எழுதும் விதி. காய்ச்சல் என்று வந்தவனைப் பார்த்து, உனக்குக் காய்ச்சல் இல்லை என்று வாசற்காவலன் திருப்பி அனுப்பக்கூடாது. வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். அதற்குமுன், இது சாதாரணச் சண்டை என்று முறைப்பாட்டை எழுதும்போதே முடிவு செய்துவிடும் அதிகாரம் மேசையில் இருந்தவரிடம் இருந்தது. அவ்வதிகாரம் எவ்வளவு கேடு செய்யும் என்பதை எல்தம் சம்பவமே காட்டிவிட்டது.

2000 ஆம் ஆண்டில் இன உறவுச் சட்டம் திருத்தப்பட்டு, பொலிசாரும் அதன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம், புதிய வலுவான சான்று கிடைத்தால் கொலை முதலிய பெருங்குற்றங்களில் விடுதலையானவரையும் மீண்டும் விளங்கலாம் என்று வகைசெய்தது. அக்கதவு திறந்தபின், 1993 இற் கைப்பற்றிக் காகிதப் பைகளில் வைத்திருந்த உடுப்புகளை விஞ்ஞானிகள் புதிய முறைகளால் மறுபடியும் ஆராய்ந்தனர். ஒரு மேலங்கியின் கழுத்துப் பட்டியில் அரை மில்லிமீற்றர் நீளமும் கால் மில்லிமீற்றர் அகலமுங்கொண்ட ஓர் இரத்தக் கறை அகப்பட்டது. அது ஸ்டீபனின் இரத்தம். 2012 ஆம் ஆண்டு சனவரி 3 ஆந் திகதி கரி டொப்சன், டேவிட் நொரிஸ் ஆகிய இருவரும் கொலைக் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, மறுநாள் ஆயுட்காலத் தண்டனை பெற்றனர். மற்றையோர்மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இரண்டு வாரங் கழித்துக் கைப்பற்றிய உடுப்பிலேயே இவ்வளவு கிடைத்ததென்றால், மறுநாளே கைப்பற்றியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

அறிக்கை வந்தது, சட்டம் திருந்தியது, ஆகவே நோய் மாறிவிட்டது என்று நினைப்பதற்கில்லை. லோரன்ஸ் குடும்பத்துக்கு ஆதரவாகத் திரண்ட இயக்கத்தினரிடையே பொலிசார் வேவுகாரரை அனுப்பியிருந்தனர் என்ற செய்தி 2013 இல் வெளியாயிற்று. 2014 இல் வெளிவந்த சட்ட மீளாய்வு அதனை உறுதிப்படுத்தியது. கொலையாளியைத் தேடவேண்டிய கண்கள் துக்கங் காத்தவர்களைத் தேடின. 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் லண்டன் பொலிஸ் படையைப் பற்றி லூயிஸ் கேசி சீமாட்டி சமர்ப்பித்த அறிக்கையும், மக்பேர்சன் வழங்கிய அதே சொல்லைத் திரும்பவும் வழங்கியது. பெண்களை இழிவாக எண்ணும் மனப்பான்மையும் தன்பாலினத்தவர்மீதான வெறுப்பும் இம்முறை அதனோடு சேர்த்துக் கூறப்பட்டன. பொலிஸ் ஆணையாளர் குறைபாடுகளை ஒப்புக்கொண்டார். அந்தச் சொல்லைத் தாம் வழங்க விரும்பவில்லை என்றார்.

ஸ்டீபனின் பெற்றோர் அவனை லண்டனில் அடக்கஞ் செய்யவில்லை. கல்லறைக்குத் தீங்கு நேருமென்று அஞ்சி, கடல் கடந்து ஜமெய்க்காவுக்குக் கொண்டுசென்று புதைத்தனர். அவர்கள் அஞ்சியது வீண்போகவில்லை. வெல் ஹோல் வீதியின் நடைபாதையிற் பதித்த நினைவுக்கல் ஒரு முறைக்கு மேல் சிதைக்கப்பட்டது. தாயார் 2013 இற் பிரபுக்கள் சபையில் அமர்த்தப்பட்டார். 2019 முதல் ஏப்ரல் 22 ஆந் திகதி அந்நாட்டில் ஸ்டீபனின் நினைவு நாளாகக் கொள்ளப்படுகின்றது. டுவெயின் புரூக்ஸுக்குப் பொலிஸ் படை 2006 இல் ஒரு இலட்சம் பவுண் நட்டஈடு வழங்கியது. பின்னர் அவர் லூவிஷம் நகரசபை உறுப்பினராகவும் பணிபுரிந்தார்.

2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இந்தக் கொலையிற் சம்பந்தப்பட்டிருக்கக்கூடிய ஆறாவது மனிதன் ஒருவனைப் பற்றிய விபரங்களை பி.பி.சி. ஸ்தாபனம் வெளியிட்டது. அவனைப் பற்றிய துப்பு 1993 ஆம் ஆண்டிலேயே பொலிசாருக்குக் கிடைத்திருந்தும் அது சரிவரக் கையாளப்படவில்லை என்பதும் அப்போது தெரியவந்தது. பொலிஸ் படை அதற்காக வருத்தந் தெரிவித்தது. அம்மனிதன் 2021 இலேயே இறந்துபோனான். முன்னே நின்று தாக்கியவனின் தலைமயிர் எப்படியிருந்தது என்று புரூக்ஸ் ஆரம்பத்திலேயே கூறியிருந்தார். அந்த வருணனை, சந்தேகிக்கப்பட்ட ஐவரில் எவருக்கும் பொருந்தியதில்லை. இந்த ஆறாவது மனிதனுக்கு அது பொருந்திற்று.